நிப்பு மாமாவுக்கு நூறு வயது

எங்கள் அத்தை வீட்டு மாமா உயிரோடு இருந்திருந்தால் 2025-ல் அவருக்கு நூறு வயது. சாத்தூரில் பழைய ஆட்களிடம் அவருடைய பெயரைச் சொன்னால் கொஞ்சம் யோசிப்பார்கள். 'நிப்பு மாமா' என்று சொன்னால் போதும், உடனே முகம் மலர்ந்து ஆளுக்கொரு கதை சொல்வார்கள். சொல்லி முடிப்பதற்குள் அவர்களே சிரித்துவிடுவார்கள்.

பேரன்கள் சேர்ந்து அவருக்கு ஒரு நூற்றாண்டு மலர் போடுகிறார்கள். "தாத்தாவைப் பத்தி நீங்கதான் எழுதணும். படிச்சா சிரிப்பு வரணும்" என்று கேட்டார்கள். எனக்கு அது கஷ்டமா? ஒரே நாளில் ஆறு பக்கம் எழுதி அனுப்பிவிட்டேன். நாலாம் நாள் மதினியிடமிருந்து போன் வந்தது. மதினி என்றால் மாமாவின் மூத்த மகள். என்னைவிட இரண்டு வயது பெரியவர். இப்போது எழுபத்தைந்து.

அந்த போனுக்குப் பிறகு அந்த ஆறு பக்கத்தையும் ஓரமாக வைத்துவிட்டேன். இது வேறு கட்டுரை.

முதலில் மாமாவைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சாத்தூர் என்றால் இன்றைக்கு எல்லோருக்கும் காராச்சேவு ஞாபகம் வரும், கூடவே வெள்ளரிப் பிஞ்சும். மதுரையிலிருந்து விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி வழியாக ரயிலில் போனவர்கள் இரண்டையும் ஜன்னல் வழியாக வாங்கித் தின்றிருப்பார்கள். ஆனால் என் சின்ன வயதில் சாத்தூருக்கு இன்னொரு பெருமை உண்டு. அது பேனா நிப்புக்குப் பேர் போன ஊர். தெருவுக்குத் தெரு சின்னச் சின்ன நிப்புப் பட்டறைகள். தகட்டை அச்சில் கொடுத்து நிப்பு வடிவத்துக்கு வெட்டுவது, நடுவில் துளை போடுவது, வளைப்பது, நுனியைப் பிளப்பது, மெருகு ஏற்றுவது என்று ஒரு சின்ன நிப்புக்குள் அத்தனை கை வேலை இருந்தது. கை பிரஸ் 'டக், டக்' என்று அடிக்கிற சத்தம்தான் அந்தத் தெருக்களில் நாள் முழுக்கக் கேட்கும்.

மாமாவுக்கும் வீட்டின் முன்புறம் ஒரு பட்டறை இருந்தது. இரண்டு கை பிரஸ், மூன்று ஆட்கள், ஒரு பெஞ்சு. அந்த பெஞ்சில்தான் மாமாவின் தர்பார் நடக்கும். வெள்ளைக் கதர்ச் சட்டை, நெற்றியில் திருநீறு, பையில் எப்போதும் மூன்று பேனா. காமராஜர் 1957-லும் 1962-லும் எங்கள் சாத்தூர்த் தொகுதியில் நின்று ஜெயித்தவர் அல்லவா? அவர் தன்னுடைய பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார் என்று மாமா சொல்லுவார். அதை வேறு யாரும் பார்த்ததில்லை. ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் பேனாவின் நிறம் மாறும். "போன தடவை பச்சைன்னீங்களே மாமா" என்றால், "அவரு ரெண்டு கையெழுத்துலே போட்டாரு" என்பார்.

சாப்பாட்டு நேரத்துக்குத் தனியாக வீட்டுக்கு வரமாட்டார். பஸ் தவறவிட்டவர், சரக்கு எடுக்க வந்த வெளியூர் வியாபாரி, ரயிலடியில் பேச்சுக் கொடுத்தவர் என்று யாராவது இரண்டு பேர் கூட வருவார்கள். ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடந்து போகிறவர்களுக்கு வருடா வருடம் நீர்மோர்ப் பந்தல் போடுவார். பால் பாயிண்ட் பேனா ஊருக்குள் வந்தபோது ஒன்றை வாங்கி, நூலில் கட்டி, பட்டறை வாசலில் தலைகீழாகத் தொங்கவிட்டார். கேட்டால், "இவன்தாம்லே என் பொழப்பைக் கெடுக்க வந்தவன். தண்டனை அனுபவிக்கான்" என்றார்.

இவை எல்லாவற்றையும்விட ஊர் மறக்காதது ஒன்று உண்டு. எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை நடக்கும் நாட்களில் காலை எட்டரை மணிக்கே பள்ளிக்கூட வாசலில் ஒரு சின்ன மேஜை போட்டு உட்கார்ந்துவிடுவார். மேஜையில் மைப் புட்டி, ஒரு பழைய துணி, பொட்டணம் பொட்டணமாக நிப்பு. பரீட்சைக்குப் போகிற ஒவ்வொரு பையனின் பேனாவையும் வாங்கி எழுதிப் பார்ப்பார். கீறினால் நிப்பை மாற்றுவார். மை குறைந்திருந்தால் ஊற்றுவார். காசு வாங்கமாட்டார். "நிப்பு முறிஞ்சா மாத்திரலாம், மார்க்கு முறிஞ்சா மாத்த முடியாதுலே, போ" என்று முதுகில் தட்டி அனுப்புவார். பயத்தில் வெளிறிப் போயிருக்கிற பையன்கூடச் சிரித்துக்கொண்டே உள்ளே போவான்.

1969 மார்ச்சில் நானும் அப்படித்தான் போனேன். அந்த நிப்பில் எழுதித்தான் பாஸானேன். அதன் பிறகுதான் மேல்படிப்பு, வங்கி வேலை, இந்த ஓய்வூதியம் எல்லாம். அதனால் அந்த மேஜைக் கதையை முதலில் எழுதிய ஆறு பக்கத்தில் உருகி உருகி எழுதியிருந்தேன்.

மதினி போனில் கோபப்படவில்லை. "கொழுந்தனாரே, நல்லாத்தான் எழுதியிருக்கீக. தம்பி மகன் வாசிச்சுக் காட்டுனான். எல்லாம் நெசம்தான். ஒண்ணே ஒண்ணு கேட்கணும். அந்த நிப்பையெல்லாம் ராத்திரி எண்ணிப் பொட்டணம் கட்டுனது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

எனக்குத் தெரியும். பார்த்திருக்கிறேன். அரிக்கேன் விளக்குப் பக்கத்தில் அத்தையும் மதினியும் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு பக்கம் நிப்புக் குவியல், இன்னொரு பக்கம் தீப்பெட்டி. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்தில் கம்பெனிக்காரர்கள் மரச்சீவலையும் தாளையும் வீட்டுக்கே கொடுத்துவிட்டுப் போவார்கள். பெண்களும் பிள்ளைகளும் பெட்டி ஒட்டிக் கொடுக்க வேண்டும். மைதாப் பசை காய்ச்சி, பூச்சி வராமல் இருக்க அதில் மயில்துத்தம் கலப்பார்கள். கூலி குரோஸ் கணக்கு. ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. அத்தை வீட்டில் அடுப்பு எரிந்தது பெரும்பாலும் அந்தக் கூலியில்தான். பட்டறை வருமானம் கடனுக்கும், பந்தலுக்கும், பெஞ்சில் உட்கார்ந்தவர்களின் காபிக்கும் சேவுக்கும் போய்விடும்.

இதெல்லாம் தெரிந்திருந்தும் ஆறு பக்கத்தில் அத்தைக்கு நான் கொடுத்தது ஒரே ஒரு வரி. 'எத்தனை பேர் வந்தாலும் முகம் சுளிக்காமல் சமைத்துப் போட்டவர் அத்தை' என்று எழுதியிருந்தேன். மதினியைப் பற்றி அதுவும் இல்லை.

பிறகு மதினி எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னார். அவர் எட்டாம் வகுப்பு முடித்தது 1964-ல். நன்றாகப் படிக்கிற பிள்ளை. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்து ஒரு வாரமாகியும் போகவில்லை. வாத்தியார் ஒருவர் விசாரிக்க வீட்டுக்கே வந்துவிட்டார். மாமா எழுந்து ஓடிப்போய் அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து பெஞ்சில் உட்கார வைத்தார். காபி வந்தது, சேவு வந்தது. காமராஜர் பேனாக் கதை வந்தது. வாத்தியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். ஒரு மணி நேரம் கழித்து எழுந்தபோது ஒரு டப்பா நிப்பும் கையில் கொடுத்து மாமா வழியனுப்பினார். வந்த விஷயத்தை வாத்தியார் கேட்கவே இல்லை.

"நான் நிலைக்குப் பின்னாடி நின்னுக்கிட்டிருந்தேன். இப்பக் கேப்பாரு, இப்பக் கேப்பாருன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். அவரு சிரிச்சுக்கிட்டே போயிட்டாரு" என்றார் மதினி.

அதை நினைத்தால் இன்னமும் எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது. காரணம் சொல்கிறேன். பள்ளிக்கூடம் அப்போது காசு கேட்கவில்லை. மதிய உணவும் இலவசக் கல்வியும் கொண்டுவந்த முதலமைச்சரின் சொந்தத் தொகுதி அது. அவருடைய பெயரைச் சொல்லி தினம் தர்பார் நடந்த வீடு அது. பள்ளிக்கூடம் எதையும் கேட்கவில்லை, வீடுதான் கேட்டது. பசை தடவ இன்னும் இரண்டு கை வேண்டும் என்று கேட்டது. மதினியின் இரண்டு கையில்தான் அவருடைய தம்பிமார் இரண்டு பேரும் தங்கச்சியும் படித்தார்கள். ஒரு தம்பி ரயில்வேயில் சேர்ந்தார், இன்னொருவர் ஆசிரியர் ஆனார். மதினி நிப்புப் பொட்டணம் கட்டிய பள்ளிக்கூட வாசலை அவர் மட்டும் மிதிக்கவில்லை.

இப்போது என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்களில் தெருவுக்கு ஒருவர் இப்படி இருந்தார். கலகலப்பானவர், கை தாராளம், அவர் இருக்கும் இடத்தில் சிரிப்புக்குப் பஞ்சம் கிடையாது. அவர் செத்தால் ஊரே கூடியது. அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் நம் பேனா தானாக ஓடுகிறது. நான் முப்பத்தைந்து வருடம் பற்றும் வரவும் எழுதியவன். ஒரு பக்கம் மட்டும் எழுதிய பேரேட்டை எந்த மேலாளரும் ஏற்கமாட்டார். ஆனால் மனிதர்களைப் பற்றி எழுதும்போது மட்டும் நாம் வரவை மட்டும் எழுதிவிட்டு மூடிவிடுகிறோம். அந்தத் தாராளத்துக்கு யார் கணக்கில் பற்று எழுதப்பட்டது என்று பார்ப்பதில்லை. தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தால் அது தாராளம். பிள்ளையின் படிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்ததற்கும் அதே பெயரா?

'நல்ல குடும்பஸ்தர்' என்ற பட்டத்தையும் நாம் ரொம்ப மலிவாகக் கொடுத்துவிட்டோம். குடிக்கமாட்டார், அடிக்கமாட்டார், வேறு வீடு வைத்துக்கொள்ளவில்லை. இந்த மூன்றும் இருந்தால் போதும், அந்தக் காலத்தில் பட்டம் கிடைத்தது. மாமா மூன்றிலும் தேறியவர். ஆனால் இவையெல்லாம் செய்யாமல் விட்டவை. என்ன செய்தார் என்று நாம் கேட்கவே இல்லை.

"அந்தக் காலம் அப்படி, இப்போது அதைக் கிளறி என்ன பயன்?" என்று சிலர் சொல்வீர்கள். என் நண்பர் ஒருவர் சொல்லியே விட்டார். அந்தக் காலம் அப்படித்தான், ஒப்புக்கொள்கிறேன். சட்டமே அப்படித்தான் இருந்தது. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. தீப்பெட்டித் தொழிலில் பிள்ளைகளை வைக்கக் கூடாது என்றது. ஆனால் குடும்பத்தாரின் உதவியோடு ஒருவர் தானே நடத்தும் பட்டறைக்கு அது பொருந்தாது என்றும் அதிலேயே எழுதியிருந்தது. 1996-ல் சிவகாசிப் பிள்ளைகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் கடுமையாகத் தீர்ப்புச் சொன்னது. தொழிற்சாலைப் பக்கம் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆறிலிருந்து பதினான்கு வயது வரை கட்டாயக் கல்வி என்ற சட்டம் 2009-ல் வந்தது. மதினிக்கு அப்போது ஐம்பத்தொன்பது வயது. வீட்டுக்குள் அப்பா சொல்ல, மகள் ஒட்டுகிற பெட்டியைக் கடைசி வரைக்கும் யாரும் வேலை என்றே நினைக்கவில்லை. 'வீட்டுக்கு ஒத்தாசை' என்றுதான் சொன்னோம். அந்தக் காலம் அப்படி இருந்தது என்றால், அப்படி இருந்தது என்றாவது எழுத வேண்டாமா? எழுதாமல் விட்டால் இந்தப் பேரன்கள் எப்படித் தெரிந்துகொள்வார்கள்?

இன்னொரு கேள்வியும் வரும். மாமா கெட்டவரா? இல்லை. அதையும் அழுத்திச் சொல்கிறேன். மாமா கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே தேவைப்பட்டிருக்காது. அந்த மேஜையில் அவர் உட்கார்ந்தது நெஞ்சார்ந்த காரியம்தான். எத்தனையோ பையன்களின் பயத்தைப் போக்கினார். எழுபதுகளில் பால் பாயிண்ட் பேனா எங்கும் வந்துவிட்ட பிறகு பட்டறை நொடித்தது. ஒரு பிரஸை விற்றார், பிறகு இன்னொன்றையும் விற்றார். கடைசிக் காலத்தில் அத்தை ஒட்டிய பெட்டிக் கட்டுகளைச் சைக்கிளில் வைத்துக் கம்பெனிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தது அவர்தான். வழியில் யாராவது கேட்டால், "வெளிநாட்டு ஆர்டர்லே" என்பாராம். 1994-ல் காலமானார். அத்தை அதற்குப் பிறகும் ஒன்பது வருடம் இருந்தார். அவர் ஒருநாளும் மாமாவைக் குறை சொல்லி நான் கேட்டதில்லை. மாமாவின் கதைகளைச் சொல்லி அத்தையும்தான் சிரிப்பார்.

இதை மதினியிடமே கேட்டேன். "அத்தை சிரிச்சாங்களே மதினி?" என்றேன்.

"அம்மா சிரிச்சா, அது நெசம். எனக்குச் சிரிப்பு வரலை, அதுவும் நெசம். ரெண்டையும் எழுதுங்க" என்றார்.

அவருக்கு அப்பா மேல் பாசம் இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். மாமா கடைசியாக மூன்று மாதம் படுக்கையில் கிடந்தபோது கூட இருந்து பார்த்துக்கொண்டது மதினிதான். பாசம் இருந்தால் கணக்குக் கேட்கக் கூடாது என்று நாம்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

மலர் விஷயத்துக்கு வருகிறேன். புதிதாக எழுதியதைப் பேரன்களுக்கு அனுப்பினேன். பெரியவன் தயங்கினான். "தாத்தா, விழா மலரில் இது வேண்டாமே. வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்?" என்றான். அவன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. நானும் அவன் வயதில் அப்படித்தான் சொல்லியிருப்பேன். "போட்டால் இதைப் போடு. இல்லையென்றால் என் கட்டுரையே வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாள் கழித்து, "அத்தையிடம் பேசினேன் தாத்தா, போடுகிறோம்" என்றான். மதினி அவனிடம் என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை.

என் வயது வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம்மில் பலர் இப்போது அப்பாவைப் பற்றி, மாமாவைப் பற்றி, ஊர்ப் பெரியவர்களைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறோம். நல்ல காரியம். நமக்குப் பிறகு எழுத ஆள் இல்லை. ஆனால் அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் அந்த வீட்டுப் பெண்களில் ஒருவரிடமாவது வாசித்துக் காட்டுங்கள். மனைவி இல்லையென்றால் மகளிடம், மகள் இல்லையென்றால் மருமகளிடம். சிரிப்புக் கதைகளை எடுத்துவிடச் சொல்லவில்லை. அவை இல்லாமல் அந்த மனிதர் இல்லை. அந்தக் கதை நடந்துகொண்டிருந்தபோது நிலைக்குப் பின்னால் யார் நின்றுகொண்டிருந்தார்கள் என்று மட்டும் கேளுங்கள்.

போனை வைப்பதற்கு முன்னால் மதினியிடம் சும்மா ஒன்று கேட்டேன். நிப்பை எண்ணிப் பொட்டணம் கட்டுவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் மையில் தொட்டு எழுதிப் பார்ப்பார்கள் அல்லவா, அப்போது என்ன எழுதுவீர்கள் என்று.

"வேற என்னத்தை எழுத? என் பேரைத்தான். பேரும் பக்கத்துல எட்டாம் வகுப்புன்னும் எழுதுவேன். அஞ்சாறு வருசமா எட்டாம் வகுப்புதான்" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

1969 மார்ச்சில் பரீட்சை மண்டபத்தில் என் பேனாவில் இருந்த நிப்பும் முதலில் அவருடைய பெயரைத்தான் எழுதியிருக்கிறது. அதற்குப் பிறகுதான் என் பெயரையும் என் நம்பரையும் எழுதியது. ஐம்பத்தாறு வருடம் கழித்துத்தான் எனக்கு இது தெரிய வந்தது. மலரில் இதையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.